எந்த எண் முதலில் வருகிறது? அகமதாபாத் தறிக்கூடம் ஒன்றின் வரலாறு

சற்று நீண்ட பதிவு. உற்பத்திப் பொறியியல் பயில்வோர் எழுதுவதைத் தொழிலாளர் வரலாறு பயில்வோர் படிப்பதில்லை. இவர்கள் எழுதுவதை அவர்கள் படிப்பதில்லை. இரு சாராரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

‘நான்காம் தொழிற்புரட்சி’ பற்றிய கருத்தரங்குகளில் தவறாமல் ஒரு படம் திரையில் தோன்றுகிறது. அடித்தளத்தில் இயந்திரங்களும் உணரிகளும். அவற்றுக்கு மேல் இயந்திரத்தை இயக்கும் பி.எல்.சி. கருவிகள். அதற்கு மேல் அன்றாட உற்பத்தியை நடத்தும் எம்.இ.எஸ். மென்பொருள். உச்சியில் கணக்கு, கொள்முதல், விற்பனை ஆகியவற்றைத் தாங்கும் இ.ஆர்.பி. பர்டியூ பல்கலைக்கழகத்தில் உருவான மாதிரியை அடியொற்றி ஐ.எஸ்.ஏ.-95 என்னும் தரநிலையின் முதற்பகுதி 2000-இல் வெளிவந்தது. அன்று முதல் இந்தக் கோபுரம் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. படிகளுக்கிடையே தரவு தடையின்றி ஓடினால் ஒருங்கிணைப்பு நிறைவேறிவிட்டது என்று அந்தப் படம் சொல்லாமல் சொல்கிறது. ஓடிவரும் தரவுகளில் எதற்கு முதலிடம், அந்த முதலிடத்தை யார் தீர்மானிப்பது, தீர்மானித்தபின் செயல்பட வேண்டியவர் யார் என்ற கேள்விகளுக்கு அந்தப் படத்தில் இடமில்லை.

இந்தியத் தொழில் வரலாற்றில் இக்கேள்விகள் கணினி நுழைவதற்கு முன்பே எழுந்தன. ஓரிடத்தில் அவற்றுக்கு ஓரளவு விடையும் கிடைத்தது. இடம் அகமதாபாத், ஆண்டு 1953. அங்கே எண்களுக்குப் பஞ்சமில்லை. ஒவ்வோர் எண்ணும் எந்த மனிதக் குழுவின் பொறுப்போடும் பொருந்தாத எல்லைகளில் வெட்டப்பட்டிருந்ததுதான் அங்கே சிக்கல்.

முதலில் நகரத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ரண்சோட்லால் சோட்டாலாலின் ஆலை 1861-இல் ஓடத் தொடங்கியது. அடுத்த அறுபது எழுபது ஆண்டுகளில் அகமதாபாத் இந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் பெற்றது. எண்ணைச் சுற்றிய பூசல் அந்நகரத்துக்குப் புதிதன்று. 1918-இல் பிளேக் நோய்க் காலத்து ஊக்கத்தொகையை முதலாளிகள் நிறுத்தியபோது, தொழிலாளர்கள் 50 விழுக்காடு கூலி உயர்வு கேட்டனர். ஆலை அதிபர்கள் 20 விழுக்காட்டுக்கு மேல் தர மறுத்தனர். காந்தியும் அவருடன் நின்றவர்களும் ஆலைகளின் கூலியையும் பம்பாயில் வழங்கிய கூலியையும் விலைவாசியையும் விசாரித்தறிந்து, நியாயமான கோரிக்கை 35 விழுக்காடு என்று முடிவு செய்தனர். அதிபர்கள் தரப்புக்குத் தலைமை தாங்கியவர் அம்பாலால் சாராபாய். தொழிலாளர் பக்கம் நின்றவர் அவருடைய உடன்பிறந்த சகோதரி அனசூயா சாராபாய். இறுதியில் நடுவராக இருந்த ஆனந்தசங்கர் துருவா அந்த 35 விழுக்காட்டையே தீர்ப்பாக வழங்கினார். 1920-இல் உருவான மஜூர் மகாஜன் சங்கம் இந்த மரபிலேயே வளர்ந்தது: கணக்கெடுத்து, எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேச்சுவார்த்தைக்கு அமர்வது. எரிக் எரிக்சன் காந்தியைப் பற்றி 1969-இல் வெளியிட்ட நூலுக்கு இந்த வேலைநிறுத்தமே மையம். அவர் காந்தியின் உளவியலைத் தேடினார்; கூலிக் கணக்கின் அரசியலைத் தேடுபவருக்கும் அங்கே வேண்டிய அளவு பொருள் உண்டு.

சுதந்திரம் வந்த 1947-ஆம் ஆண்டில், ஒன்றுக்கொன்று தொடர்பின்றித் தொடங்கிய இரு முயற்சிகள் இந்த வரலாற்றில் வந்து சேர்கின்றன. ஒன்று, அகமதாபாத் ஜவுளித் தொழில் ஆய்வுக் கழகம். அட்டிரா என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்நிறுவனம் கஸ்தூர்பாய் லால்பாயின் ஆதரவிலும், பின்னாளில் விண்வெளித் திட்டத்தால் புகழ்பெற்ற விக்ரம் சாராபாயின் தலைமையிலும் தோன்றியது. அண்டக்கதிர் ஆய்வாளர் ஒருவர் நூலின் வலிமையையும் தறிக்கூடத்தின் ஈரப்பதத்தையும் அளக்கும் நிறுவனத்தைக் கட்டியெழுப்பினார் என்பது இன்றைக்கு வியப்பாகத் தோன்றலாம். அளவீடு இல்லாமல், மேஸ்திரியின் கண்ணையும் கைப்பழக்கத்தையும் மட்டும் நம்பி ஓடிக்கொண்டிருந்த தொழிலில் அளப்பதே முதற்பணி என்று அவர் கருதினார். தொழிலாளரின் மனநிலையும் உறவுகளும் ஆய்வுக்குரியவை என்பதும் அங்கே ஏற்கப்பட்டது. உளவியல் அறிஞர் கமலா சௌத்ரி அந்தப் பிரிவை நடத்தினார். பின்னர் அவர் அகமதாபாத்தின் இந்திய மேலாண்மைக் கழகம் உருவான காலத்தில் அதன் முதல் ஆசிரியர்களுள் ஒருவரானார்.

மற்றொரு முயற்சி கல்கத்தாவிலிருந்து வந்தது. பி.சி. மகலனோபிஸின் அழைப்பை ஏற்று, 1947–48-இல் வால்டர் ஷூஹார்ட் இந்தியா வந்தார். பெல் தொலைபேசி ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த அவர் 1924-இல் வரைந்த ஒரு பக்கக் குறிப்பிலிருந்தே கட்டுப்பாட்டு வரைபடம் பிறந்தது. இந்தியாவில் அவர் பல நகரங்களுக்குச் சென்று தொழிலதிபர்களிடமும் ஆய்வாளர்களிடமும் பேசினார். அந்தப் பயணம் விதைத்த ஆர்வத்தின் தொடர்ச்சியாக 1950களில் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் தொழில் நகரங்களில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவுகளைத் திறந்தது. பின்னாளில் சென்னையும் கோயம்புத்தூரும் அந்த வரிசையில் இடம்பெற்றன.

ஷூஹார்ட்டின் கருத்துகளில் நம் பேச்சுக்கு முக்கியமானது ஒன்று. கட்டுப்பாட்டு வரைபடத்தின் மேல்கோட்டையும் கீழ்க்கோட்டையும் எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். புள்ளிகளை எப்படித் தொகுப்பது என்பதற்கு அவர் தந்த முதன்மையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே நிலைமையில், ஒரே மூலப்பொருளில், அடுத்தடுத்து உருவான பொருள்களை ஒரு தொகுதியாக எடுக்க வேண்டும். தொகுதிக்குள் காணும் வேறுபாடு தற்செயலானது. தொகுதிகளுக்கு இடையே காணும் வேறுபாட்டுக்குத் தேடிக் கண்டுபிடிக்கத்தக்க காரணம் இருக்கலாம். இதற்கு அவர் பகுத்தறிவுக்குகந்த உட்தொகுதி என்ற பொருளில் பெயரிட்டார். மூன்று இயந்திரங்களின் நூலை ஒரே கூடையில் கலந்து அளந்தால், எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் பழுது எந்த இயந்திரத்தில் என்பது தெரியவராது. தரவைத் திரட்டுவதற்கு முன்பே அதை எங்கே வெட்டுவது என்ற முடிவை எடுத்தாக வேண்டும்.

இனி தறிக்கூடத்துக்குள் செல்வோம். சாராபாய் குடும்பத்தின் காலிகோ நிறுவனத்துக்கு அப்போது தலைவர் விக்ரமின் அண்ணன் கௌதம் சாராபாய். நிறுவனத்தின் ஆலை ஒன்றில் புதிதாகத் தானியங்கித் தறிகள் நிறுவப்பட்டிருந்தன. அமெரிக்காவில் 1890களில் டிரேப்பர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த நார்த்ராப் தறியின் வழிவந்த தொழில்நுட்பம் இது. சாதாரண விசைத்தறியில் நாடாவுக்குள் இருக்கும் ஊடைநூல் தீர்ந்ததும் நெசவாளர் தறியை நிறுத்தி வேறு குழலை இட வேண்டும். தானியங்கித் தறியில் பக்கவாட்டில் வட்டமான ஒரு கொள்கலன் உண்டு. பேட்டரி என்பது ஆலை வழக்கு. அதில் குழல்கள் நிரப்பப்பட்டிருக்கும். ஊடை தீரும் தறுவாயை ‘ஃபீலர்’ என்னும் சிறு நெம்புகோல் தொட்டுணரும். தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே புதுக்குழல் நாடாவுக்குள் தள்ளப்படும். மின்னணுவியலுக்கு வெகு முன்பே, உணரியும் அதன் செய்தியில் இயங்கும் பொறியும் ஒரே சட்டகத்தில் இணைந்திருந்தன என்பதைப் பொறியியல் மாணவர்கள் கவனிக்க வேண்டும். இயந்திர அளவிலான ஒருங்கிணைப்பு அன்றே முடிந்திருந்தது.

ஆனாலும் எதிர்பார்த்த விளைச்சல் வரவில்லை. பழைய தறிகளில் கிடைத்ததைவிடப் பெரிய மேம்பாடு தென்படவில்லை. பழுதுத் துணியும் குறையவில்லை. இலண்டனிலுள்ள டாவிஸ்டாக் மனித உறவுகள் கழகத்தின் ஏ.கே. ரைஸ் இந்த நிலையில்தான் ஆலோசகராக வந்தார். அதே கழகத்தைச் சேர்ந்த டிரிஸ்டும் பாம்ஃபோர்த்தும், பிரிட்டிஷ் நிலக்கரிச் சுரங்கங்களில் இயந்திரம் நுழைந்தபோது பழைய பணிக்குழுக்கள் சிதறியதைப் பற்றி 1951-இல் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தனர். கருவியையும் மனிதக் கூட்டமைப்பையும் தனித்தனியே வடிவமைக்க முடியாது என்ற அந்தக் கருத்தின் அடுத்த சோதனைக்களமாக அகமதாபாத் அமைந்தது.

ரைஸ் கண்ட கூடத்தில் 224 தறிகள் இருந்தன. வேலை பன்னிரண்டு தனித்தனிப் பணிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. நெசவாளர், பேட்டரி நிரப்புபவர், பெரும் அறுப்புகளைச் சீர்செய்பவர், புதுப் பாவை ஏற்றுபவர், துணி சுமப்பவர், ஜாபர், உதவி ஜாபர், குழல் சுமப்பவர், ஃபீலர் பொறியைப் பழுதுபார்ப்பவர், எண்ணெய் இடுபவர், பெருக்குபவர், ஈரப்பதக் கருவியைக் கவனிப்பவர். இந்தப் பட்டியலை முழுமையாகத் தருவதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு பணிக்கும் பின்னால் காலமும் இயக்கமும் அளந்த ஆய்வு இருந்தது. ஒரு பாவிழை அறுந்தால் முடிய எவ்வளவு நேரம், மணிக்கு எத்தனை அறுப்பு, ஒரு குழலை ஏற்ற எவ்வளவு நேரம் என்றெல்லாம் கணக்கிட்டு, ஒவ்வொருவருக்கும் எத்தனை தறி என்று பொறியாளர்கள் வகுத்திருந்தனர். நெசவாளருக்குச் சுமார் 30 தறி, பேட்டரி நிரப்புபவருக்குச் சுமார் 50, பெரும் அறுப்பைச் சீர்செய்பவருக்குச் சுமார் 75. தனித்தனியே பார்த்தால் எந்தக் கணக்கிலும் குறை காண முடியாது.

சேர்த்துப் பார்த்தால்தான் விபரீதம் புலப்படும். 224 தறிகளுக்கு எட்டு நெசவாளர், ஐந்து பேட்டரி நிரப்புபவர், மூன்று அறுப்புச் சீர்செய்பவர். அப்படியானால் ஒரு நெசவாளருக்கு எட்டில் ஐந்து பங்கு பேட்டரி நிரப்புபவரும், எட்டில் மூன்று பங்கு அறுப்புச் சீர்செய்பவரும் துணை. குறிப்பிட்ட ஒரு தறி நின்றால், அதை ஓடவைக்கக் கூட வேண்டியவர்கள் யார் யார் என்பது தறிக்குத் தறி மாறும். நெசவாளர் ஒருவர் தம் வரிசையின் முதற்பாதிக்கு ஒருவரையும் பிற்பாதிக்கு மற்றொருவரையும் எதிர்பார்த்து நிற்க வேண்டும். அந்த மற்றொருவரோ அதே நேரத்தில் இன்னும் இரண்டு நெசவாளருக்குக் கடன்பட்டவர். நெய்யும் துணியின் ரகம் மாறினால் நிலைமை மேலும் குழம்பும். மெல்லிய நூலுக்கு அறுப்பு ஒரு விகிதத்தில் மாறும், குழல் தீரும் வேகம் வேறொரு விகிதத்தில் மாறும். ஆகவே ஒவ்வொரு பணியின் சுமையும் வெவ்வேறு அளவில் கூடிக் குறைந்து, யாரோடு யார் சேர்ந்து உழைப்பது என்பதே ரகத்துக்கு ரகம் கலைந்துபோகும். அங்கே இருந்தது தனியாட்களின் கூட்டம். பணிக்குழு என்று சொல்லத்தக்க எதையும் ரைஸ் காணவில்லை.

ஷூஹார்ட்டின் சொற்களில் இதை மறுபடி கூறலாம் என்று நினைக்கிறேன். இந்த இணைப்பு என்னுடையது. ரைஸ் இவ்வாறு எழுதவில்லை. அளவீடுகளை வெட்டிய கோடும் பழுதின் காரணம் ஓடிய கோடும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டின. நெசவாளரின் எண், நிரப்புபவரின் எண், சீர்செய்பவரின் எண் ஆகியவை தனித்தனி ஏடுகளில் சரியாகவே இருந்தன. ஆனால் மூவரும் சேர்ந்து ஓடவைத்த 30 அல்லது 60 தறிகளுக்கென்று ஓர் ஏடு இல்லை. இருந்திருந்தாலும் அதை எடுத்துப் பார்க்கும் பொறுப்பு யாருக்கும் இல்லை.

முன்னுரிமை என்ற கேள்வி இங்கேதான் நுழைகிறது. தறிக்கூடத்தின் செயலை இரண்டு எண்களால் அளந்தார்கள். ஒன்று திறன்: தறி ஓடியிருக்கக்கூடிய நேரத்தில் உண்மையில் எவ்வளவு நெய்தது. மற்றொன்று பழுது: நெய்த துணியில் குறையுள்ளது எத்தனை விழுக்காடு. நெசவுத் தொழிலில் இவ்விரண்டும் ஒரே வேகத்தில் வந்து சேர்வதில்லை. எத்தனை ஊடை பாய்ந்தது என்பது ஷிப்ட் முடியும்போதே தெரிந்துவிடும். பழுதோ, துணி தறியிலிருந்து இறங்கி, மடிப்புக்கூடத்துக்குப் போய், மேசையில் விரித்துப் பார்க்கப்படும்போதுதான் தெரியும். அதற்குள் ஷிப்ட் மாறியிருக்கும், பாவு மாறியிருக்கலாம், ஈரப்பதமும் மாறியிருக்கும். அகமதாபாத்தின் வறண்ட காற்றில் பாவிழை அறுவதற்கு ஈரப்பதக் குறைவு ஒரு பெருங்காரணம் என்பதால் இது சிறிய செய்தியன்று. விரைந்து வரும் எண்ணின் பேரில் அன்றைக்கே கேள்வி கேட்கப்படும். தாமதமாக வரும் எண்ணின் பேரில் பொதுவாக ஓர் எச்சரிக்கை அறிவிப்புதான் ஒட்டப்படும். திறனுக்கு முதலிடம் என்று எவரும் ஆணையிட வேண்டியதில்லை. எண்கள் வந்து சேரும் நேரமே அந்த ஆணையைப் பிறப்பித்துவிடுகிறது.

ரைஸ் முன்வைத்த மாற்றம் சொல்வதற்கு மிக எளியது: ஒரு தறித்தொகுதிக்கு ஒரு தொழிலாளர் தொகுதி. சுமார் 64 தறிகளுக்கு ஏழு பேர். பன்னிரண்டு பணிப்பெயர்கள் ஒரு சில படிநிலைகளாகச் சுருக்கப்பட்டன. ஒருவர் வேலையை மற்றவர் கற்றுச் செய்யலாம் என்றாயிற்று. அவர் எழுதியவற்றில் என்னை மிகவும் கவர்ந்தது அடுத்து நடந்ததுதான். மேலாளர்களும் மேற்பார்வையாளர்களும் ஆலோசித்துக்கொண்டிருந்த யோசனை தொழிலாளர் காதுக்கு எட்டியதும், யார் யாரோடு சேர்வது என்பதை அவர்களே மிக விரைவில் முடிவு செய்துகொண்டு வந்து நின்றனர். மேலிருந்து யாரும் பெயர்ப்பட்டியல் தயாரிக்கவில்லை. பன்னிரண்டு துண்டுகளாக அளக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் எந்த இணைப்பு தேவை என்பதை முன்னரே அறிந்திருந்தார்கள். அதைக் கேட்பதற்கு ஏட்டில் ஒரு பத்தி இல்லாமல் இருந்தது, அவ்வளவே.

முதல் வாரங்களில் இரண்டு எண்களும் ஒரே திசையில் நகரவில்லை. தறியை நிற்கவிடாமல் ஓட்டும் முனைப்பில் பராமரிப்புக்கும் துணியின் தரத்துக்கும் கவனம் குறைந்தது. ஆனால் இப்போது இரண்டு எண்களும் ஒரே ஏழு பேரின் பெயரில் வந்து விழுந்தன. திறனை உயர்த்தப் பழுதை அடுத்தவர் ஏட்டில் தள்ளிவிடும் வழி அடைபட்டிருந்தது. பயிற்சியிலும் பணிப் பங்கீட்டிலும் திருத்தங்கள் செய்யப்பட்டபின், திறன் முன்னைவிட உயர்ந்த நிலையிலும் பழுது முன்னைவிடக் குறைந்த நிலையிலும் நிலைகொண்டன. 1958-இல் வெளியான நூலில் ரைஸ் இதை விரிவாகப் பதிவு செய்தார். ஒரு நிறுவனம் எதை நிறைவேற்றுவதற்காக உருவாக்கப்பட்டதோ அந்தச் செயலை ‘முதன்மைப் பணி’ என்று அதில் அவர் பெயரிட்டு, அதைச் சுற்றித் தம் கோட்பாட்டைக் கட்டினார். தரவு முன்னுரிமை என்று இன்று பேசுவோர் அந்தக் கருத்திலிருந்து தொடங்கினால் நன்று.

இந்த வரலாற்றைப் புராணமாக்கிவிடவும் கூடாது. எழுதியவர் ஆலோசகர், அழைத்தவர் முதலாளி. தொழிலாளரின் குரல் நூலில் அவர் வழியாகத்தான் கேட்கிறது. குழு அமைப்போடு வருமானமும் மாறியது. ஆகவே விளைச்சல் முழுவதையும் அமைப்பு மாற்றத்தின் கணக்கில் எழுதிவிட முடியாது. குறைந்த ஆட்களைக் கொண்டு கூடுதல் தறிகளை ஓட்டுவதே தானியங்கித் தறியின் பொருளாதாரம் என்பதையும் மறக்கலாகாது. மஜூர் மகாஜன் பல ஆண்டுகளாகப் பேரம் பேசிவந்த பெருங்கேள்வியும் அதுவே. ஏழு பேரின் ஒற்றுமையைப் புகழும் எந்த நூலும், எட்டாவது ஆள் எங்கே போனார் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டது.

பதினேழு ஆண்டுகள் கழித்து நடந்த மறு ஆய்வைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும். டாவிஸ்டாக்கின் எரிக் மில்லர் 1970-இல் மீண்டும் அந்த ஆலைகளைப் பார்த்து எழுதிய கட்டுரை 1975-இல் வெளிவந்தது. ஒரு தறிக்கூடத்தில் குழு அமைப்பு ஏறத்தாழப் பழைய வடிவிலேயே நீடித்தது, செயல்திறனும் குன்றவில்லை. மற்றவற்றில் அது கரைந்து, பழைய தனியாள் முறையை நோக்கிச் சரிந்திருந்தது. நிலைமைகள் அதிகம் மாறாத இடத்தில் அமைப்பு பிழைத்தது. ரகங்களும் சந்தையும் நெருக்கடி தந்த இடங்களில் மேற்பார்வையாளர்கள் மறுபடி குழுவின் எல்லைக்குள் இறங்கி, ஆட்களை இங்கிருந்து அங்கே மாற்றத் தொடங்கினர். நேற்று வரை குழுவின் பொறுப்பாக இருந்த எண் மறுபடி தனியாளின் எண்ணாகிவிட்டது. எவரும் சோதனையை ரத்து செய்து உத்தரவிடவில்லை.

ஆலைகளுக்கிடையே எண்களை ஒப்பிடும் மற்றொரு மரபும் இதே காலத்தில் வளர்ந்தது. அட்டிராவைத் தொடர்ந்து 1954-இல் பம்பாயில் பிட்ராவும் 1956-இல் கோயம்புத்தூரில் சிட்ராவும் தோன்றின. நூறு கிலோ நூலுக்கு எத்தனை ஆள்மணி நேரம் என்ற அளவை, எச்.ஓ.கே. என்ற பெயரில், கொங்கு நாட்டு நூற்பாலைகளின் அன்றாடச் சொல்லாகவே ஆகிவிட்டது. தன் நிலையை அடுத்த ஆலையோடு ஒப்பிட்டு அறிவது பெரும் பயன். அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அது மேலாளரின் மேசைக்குரிய எண். தறிக்குப் பக்கத்தில் நிற்பவர் அதைக் கொண்டு அடுத்த பத்து நிமிடத்தில் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

இனி நிகழ்காலத்துக்கு வருவோம். இன்று ஆலைகளில் திரையேறும் எண்களில் தலைமையானது ஓ.இ.இ. ஜப்பானின் செயிச்சி நாகாஜிமா பரப்பிய ஒட்டுமொத்தப் பராமரிப்பு முறையிலிருந்து வந்தது இது. இயந்திரம் ஓடத் தயாராக இருந்த விகிதம், ஓடிய வேகத்தின் விகிதம், நல்ல பொருளின் விகிதம் ஆகிய மூன்றையும் பெருக்கினால் கிடைக்கும். 90, 95, 99 விழுக்காடுகளைப் பெருக்கினால் சுமார் 85. உலகத்தரம் என்று சொல்லப்படும் அளவு அது. இப்போது முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் இடம் மாற்றிப் பாருங்கள். இயந்திரம் 99 விழுக்காடு ஓடியது, ஆனால் பத்தில் ஒன்று பழுது. பெருக்குத்தொகை மாறாது, திரையில் அதே பச்சை விளக்கு. 1953-இல் இரண்டு எண்களாக இருந்து, ஒன்றுக்கொன்று முரண்பட்டு, அந்த முரணாலேயே கவனத்தை ஈர்த்தவை இன்று ஒரே எண்ணுக்குள் கரைந்திருக்கின்றன. முன்னுரிமை பற்றிய வாதம் ஒரு பெருக்கலுக்குள் முடித்துவைக்கப்பட்டிருக்கிறது. மூன்றையும் தனித்தனியே காட்டும் திரைகளும் உண்டுதான். ஆனால் மாத இறுதிக் கூட்டத்தில் விவாதிக்கப்படுவது எது என்பதைப் பார்த்தால் போதும்.

கால வேறுபாடும் தீர்ந்துவிடவில்லை. அகன்றிருக்கிறது என்றே சொல்ல வேண்டும். பி.எல்.சி. மில்லிநொடியில் பேசுகிறது. ஆய்வுக்கூட அறிக்கை நாளில் பேசுகிறது. வாடிக்கையாளர் திருப்பியனுப்பும் சரக்கு மாதத்தில் பேசுகிறது. ஓ.பி.சி. போன்ற பொது நெறிமுறைகள் வந்தபின் வெவ்வேறு நிறுவனத்துக் கருவிகள் ஒன்றோடொன்று உரையாட முடிகிறது. உண்மையான சாதனை அது. ஆயினும் மடிப்புக்கூடத்தில் கண்ட பழுதை எந்தத் தறி, எந்தப் பாவு, எந்த மணி நேரம் என்று பின்னோக்கிக் கொண்டுசென்று பொருத்தும் சாவி கம்பியில் ஓடி வருவதில்லை. பாவு உருளைக்கு ஓர் எண் கொடுத்து, அதைப் பஞ்சு முதல் துணி வரை கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் ஒருவர் பதிவு செய்ய வேண்டும். அந்த ஒருவருக்கு அதனால் என்ன பயன் என்பதற்கு விடையில்லாத ஆலைகளில், பதிவேட்டின் அந்தக் கட்டம் ஷிப்ட் முடியும்போது மொத்தமாக நிரப்பப்படுகிறது.

கள ஆய்வுக்குச் செல்லும் மாணவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒரு பரிந்துரை. கோபுரப் படத்தையும் திரைகளையும் பார்த்து முடித்தபின், இயந்திரம் நின்றதற்கான காரணக் குறியீட்டுப் பட்டியலைக் கேட்டு வாங்குங்கள். அதில் எத்தனை காரணங்கள் உள்ளன, அவற்றை எழுதியது எந்தத் துறை, தறியின் அருகில் நிற்பவர் அவற்றுள் எவற்றைத் தேர்ந்தெடுக்க அனுமதிக்கப்பட்டிருக்கிறார் என்று பாருங்கள். பாவு அறுந்து தறி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். பசையிடும் பிரிவில் கஞ்சி சரியாக ஏறாததால் அது அறுந்திருக்கலாம். ஆனால் நெசவாளரின் திரையில் இருக்கும் பொத்தான் ‘பாவு அறுப்பு’ மட்டுமே. அது தறியின் கணக்கில் ஏறி, அவருடைய திறன் எண்ணைக் குறைக்கும். பசையிடும் பிரிவின் தரவு வேறொரு மென்பொருளில், வேறொரு மேலாளரின் பெயரில், முழுப் பச்சையாக இருக்கும். இரண்டையும் இணைக்கக் கம்பி இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். இரண்டு எண்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்து அன்றைய ஷிப்டிலேயே முடிவெடுக்கும் அதிகாரம் எந்த ஏழு பேரிடம் இருக்கிறது என்று அடுத்ததாகக் கேளுங்கள். கிடைக்கும் பதிலை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.